ஒரே கிளை, இரண்டு வீடு, இரண்டு நிறம்: மஸ்கெலியாத் தங்கச்சியின் சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக நாலைந்து பேருடைய சந்தேகங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் பேசுவேன். இன்றைக்கு ஒரே ஒரு ஆளின் கேள்விதான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி குரல் பதிவும் கொஞ்சம் படங்களும் அனுப்பியிருக்கிறார். கேட்டால் ஒரு கேள்வி போலத்தான் இருக்கிறது. உள்ளே போனால் ஐந்தாறு இருக்கிறது.

அவர் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தாய்வீடு பண்டாரவளை. அம்மா வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கிறது. அதில் கிளை ஒடித்து வந்து ஒன்றைத் தன் வீட்டிலும் ஒன்றை நாத்தனார் வீட்டிலும் வைத்திருக்கிறார். நாத்தனார் வீட்டில் நீலம். இவர் வீட்டில் ரோஸ். "அண்ணே, ஒரே செடியின் கிளைதானே, இது எப்படி? நான் கிளையை மாற்றி ஒடித்துவிட்டேனா?" என்கிறார். நத்தார் பூ, அதுதான் பொயின்செட்டியா, அதையும் இப்படித்தான் இரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள். நாத்தனாருடையது டிசம்பரில் சிவந்துவிடுகிறது, இவருடையது பச்சையாகவே நிற்கிறது. கடதாசிப் பூவும், அதாவது போகன்வில்லாவும், அம்மா வீட்டுக் கிளைதான். அங்கே ஓகஸ்ட் மாதத்தில் இலையே தெரியாது, அவ்வளவு பூ. இவரிடம் இலையும் முள்ளும் மட்டும். கடைசியில் கேட்கிறார்: "கடையில் பூ மருந்து என்று ஒரு போத்தல் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வேறு என்ன உரம் போடலாம்?"

தங்கச்சி, அந்தப் போத்தலை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் மூன்று செடிக்கும் உரக் குறை ஒரு பிரச்சினையே இல்லை. கிளையும் மாறவில்லை. ஒடித்து நட்ட கிளை என்றால் அது தாய்ச் செடியேதான். விதை போட்டு வந்திருந்தால் பிள்ளை என்று சொல்லலாம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கிளைக்கு அந்தப் பேச்சே கிடையாது. அப்படியென்றால் வித்தியாசம் செடியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

ஹைட்ரேஞ்சியாவை எடுத்துக்கொள்வோம். நீலப் பூவுக்கும் ரோஸ் பூவுக்கும் உள்ளே இருக்கும் சாயம் ஒன்றுதான். டெல்ஃபினிடின் என்ற வகை. அது தனியாக இருந்தால் ரோஸாகத் தெரியும். மண்ணிலிருந்து அலுமினியம் ஏறி வந்து அதோடு சேர்ந்தால் நீலமாகிவிடும். நாம் இதழ் என்று நினைப்பதும் இதழ் இல்லை, பூவின் அடியில் இருக்க வேண்டிய புல்லிதான் பெரிதாகி அப்படி நிற்கிறது. அந்தப் புல்லிக்குத்தான் அலுமினியம் போய்ச் சேர்கிறது. பெரும்பாலான செடிகளுக்கு அலுமினியம் கூடினால் வேர் கருகும். ஹைட்ரேஞ்சியா அதைத் தாங்கிக்கொள்ளும்.

அலுமினியம் இல்லாத மண் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அது கரையாமல் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். மண் புளித்திருந்தால்தான், அதாவது அமிலத்தன்மை இருந்தால்தான் கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் பீ.எச்., அதாவது புளிப்பை அளக்கிற எண், 5.5க்குக் கீழே இருந்தால் நீலம் வரும். 6.5க்கு மேலே போனால் ரோஸ். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு நிறம், சில நேரம் ஒரே கொத்தில் இரண்டும்.

இப்போது நம் மலைநாட்டை யோசித்துப் பாருங்கள். தேயிலைக்கே 4.5 முதல் 5.5 வரையான புளித்த மண்தான் பிடிக்கும். தேயிலையும் அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலையில் சேர்த்து வைக்கிற செடி. அந்த இலை உதிர்ந்து மக்கினால் அதே அலுமினியம் திரும்ப மேல்மண்ணுக்கு வந்துவிடும். மழையும் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் ரோட்டோரத்தில் யாரும் கவனிக்காமல் கிடக்கிற ஹைட்ரேஞ்சியாகூட நீலமாகப் பூக்கிறது. வெளிநாட்டில் நீலம் வர வேண்டுமென்று காசு கொடுத்து மருந்து வாங்கிப் போடுகிறார்கள். நமக்கு அது சும்மா கிடைக்கிறது. ஆகவே தங்கச்சி, நாத்தனார் வீட்டில் ஏன் நீலம் என்பது கேள்வியே இல்லை. உங்கள் வீட்டில் ஏன் ரோஸ் என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்து ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீடு, செடி சுவரிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. வீடு கட்டும்போது சீமெந்து குழைத்த இடம், உடைந்த கல், பூச்சு வேலையில் சிந்தியது எல்லாம் அந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கும். சீமெந்தில் இருப்பது சுண்ணாம்பு. மழை பெய்யப் பெய்யச் சுவரிலிருந்தும் அத்திவாரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் புளிப்பை எடுத்துவிடும். அதற்கு மேல் நீங்களே குரல் பதிவில் சொல்கிறீர்கள், "அடுப்புச் சாம்பலைத் தவறாமல் அடியில் போடுகிறேன் அண்ணே" என்று. பூச்சிக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்திருக்கிறீர்கள், அதில் பிழை இல்லை. ஆனால் விறகுச் சாம்பலும் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் மண்ணில் செய்யும். நாத்தனார் செடியோ தேயிலை மலையின் கான் ஓரத்தில், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் பக்கம் இருக்கிறது. அங்கே சாம்பலும் இல்லை, சீமெந்தும் இல்லை.

இன்னொரு படத்தில் ஒரே செடியில் வீட்டுப் பக்கம் ரோஸ், வெளிப்பக்கம் நீலம் கலந்த ஊதா. இதைப் பார்த்து உங்கள் மாமி பயந்துவிட்டார் என்றும் சொன்னீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. சுவர்ப்பக்க வேர் ஒரு மண்ணில் இருக்கிறது, வெளிப்பக்க வேர் வேறு மண்ணில் இருக்கிறது. எந்தப் பக்க வேர் எடுப்பது அந்தப் பக்கத்துக் கிளைக்கு அதிகம் போகும். செடி இரண்டு மண்ணையும் அப்படியே காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

நாத்தனாரும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். அந்த மலையில் தேயிலையை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்துக் காலம் வந்து டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூள் போட்டால், மழையில் கழுவிக் கான் வழியே இறங்கும். அடுத்த பூவில் அவருடைய நீலமும் கொஞ்சம் வெளுத்து ஊதாவாகலாம். அப்போது அவர் உங்களிடம் கேட்பார்.

சரி, நீலம்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது? முதல் வேலை, சாம்பலை நிறுத்துங்கள். இரண்டாவது, டீ.எஸ்.பி. மாதிரி பொசுபரசு கூடின உரத்தை இந்தச் செடிக்குப் போடாதீர்கள். பொசுபரசு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. நீங்கள் வாங்கிய பூ மருந்தின் லேபிளைப் பாருங்கள். பூப்பதற்கென்று விற்கிற கலவைகளில் பெரும்பாலும் பொசுபரசுதான் கூட இருக்கும். நீலம் வேண்டும் என்று நீங்கள் அடித்த மருந்தே நீலத்தைத் தடுத்திருக்கலாம். மூன்றாவது, படிகாரம், அதில் அலுமினியம் இருக்கிறது. ஏறக்குறைய 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது அடியில் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை போதும். கூடினால் வேர் கெடும். அதுவும் மொட்டு வந்த பிறகு ஊற்றிப் பயனில்லை, பல மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும். பூத்த பூ நிறம் மாறாது, அடுத்த பூவைத்தான் எதிர்பார்க்கலாம்.

துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்று சொல்வார்கள். ஆணியில் இருப்பது இரும்பு. இந்த நீலத்துக்கு இரும்பால் ஒரு உதவியும் இல்லை. தேயிலைச் சக்கையும் அப்படித்தான், மண்ணுக்கு நல்லது, போடுங்கள், ஆனால் சீமெந்துச் சுவரோடு போட்டி போட்டு ஜெயிக்கிற அளவுக்கு அதில் புளிப்பு இல்லை. இதையெல்லாம்விடச் சுலபம், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு சாடியிலோ உரப் பையிலோ தேயிலை மலை மண்ணை நிரப்பி அதில் ஒரு கிளை நடுவது. வெள்ளை ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பவர்கள் இதெல்லாம் செய்ய வேண்டாம். அதில் அந்தச் சாயமே இல்லை, எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

என்னைக் கேட்டால், அந்த ரோஸ் செடியை அப்படியே விடுங்கள். மஸ்கெலியாவில் நீலத்துக்கா பஞ்சம்? ரோட்டில் போகிறவர் எல்லோரும் நின்று பார்ப்பது உங்கள் வீட்டு ரோஸைத்தான்.

ஹைட்ரேஞ்சியாவை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. போன வருஷம் ஒரு பூகூட இல்லை என்றும், அதற்கு முன் வீட்டுக்காரர் "கவ்வாத்து பண்ணினார்" என்றும் போகிற போக்கில் சொன்னீர்கள். அவர் மலையில் கவ்வாத்து வேலை செய்பவர், கை சும்மா இருக்காது, விளங்குகிறது. தேயிலைக்கு வேண்டியது இலை. அதனால் எங்கே வெட்டினாலும் புதுத் தளிர் வந்தால் போதும். ஹைட்ரேஞ்சியா அப்படி இல்லை. நம் வீடுகளில் இருக்கிற வகை முந்திய பருவத்தில் வளர்ந்த தண்டின் நுனியில்தான் அடுத்த பூவுக்கான மொட்டைக் கட்டி வைத்திருக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மட்டமாக வெட்டினால் அந்த வருஷத்துப் பூ முழுவதும் கத்தியோடு போய்விடும். பூத்து முடிந்த உடனே, வாடின கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த தண்டு, மிகக் கிழட்டுத் தண்டு இருந்தால் அதை மட்டும் அடியோடு எடுக்கலாம். மொட்டுக் கட்டக் குளிரும் வேண்டும். சுமார் 18 பாகைக்குக் கீழே சில கிழமைகள் இருந்தால்தான் நன்றாகக் கட்டும். நுவரெலியாவில் வருஷம் முழுவதும் சராசரியே 16 பாகை அளவில்தான், அதனால் அங்கே கவலை இல்லை. கம்பளை, கண்டிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு "இலை மட்டும் வருகிறது" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அடுத்தது நத்தார் பூ. இதில் எனக்கு உங்கள் படம் ரொம்பப் பிடித்தது. பச்சையாக நிற்கிறது என்று சொன்னீர்கள், ஆனால் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், செடியின் பின்பக்கம், மதிலோடு ஒட்டிய பக்கம், இரண்டு கிளை சிவந்திருக்கிறது. முன்பக்கம்தான் முழுப் பச்சை. முன்பக்கம் என்ன இருக்கிறது? தெரு லைட்.

பொயின்செட்டியா சிவப்பதற்கு அது கேட்பது ஒன்றே ஒன்றுதான், நீளமான இருட்டு. குளிரோ உரமோ அதற்குக் கணக்கில்லை. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் 50 நிமிடம் அளவில்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. அந்தச் செடிக்குத் தெரிகிறது. செப்டம்பர் கடைசி, ஒக்டோபரில் இரவு போதிய அளவு நீண்டதும் பூக்கத் தயாராகும். அதிலிருந்து 8 முதல் 10 கிழமையில் நுனி இலை சிவந்து நத்தாருக்குச் சரியாக வந்து நிற்கும். ஆனால் அந்த இருட்டு அறுபடக் கூடாது. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும், இரவு முடிந்துவிட்டது என்று செடி எண்ணிக்கொள்ளும். இரண்டு சின்ன இரவாகக் கணக்குப் போடும். பெரிய வெளிச்சம் வேண்டியதில்லை, தெரு லைட்டின் மங்கல் போதும். லைட் விழுகிற பக்கம் பச்சை, நிழல் விழுகிற பக்கம் சிவப்பு. நாத்தனாருடையது குசினிக்குப் பின்னால், ஆறு மணிக்கு மேல் அங்கே யாரும் போவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

இப்படிச் செடிகள் இரவு பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் என்பது 1920இல்தான் தெளிவாகத் தெரிய வந்தது. அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள். அவர்களிடம் மேரிலன்ட் மமத் என்று ஒரு புகையிலை இருந்தது. வெயில் காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போகும், இலை இலையாக விடும், பூக்கவே பூக்காது. அதே செடி குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சின்ன உயரத்திலேயே பூக்கும். உரம், சூடு, ஈரம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பின்னேரமே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தபோதுதான் பூத்தது. பிறகு வந்தவர்கள் செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இரவை என்று கண்டுபிடித்தார்கள். செவ்வந்தியும் இப்படி இரவை அளந்து பூக்கிற செடிதான். பூ வியாபாரத்துக்காகச் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இரவில் வேண்டுமென்றே பல்ப் எரித்துப் பூவைத் தள்ளிப் போடுவார்கள், விலை வருகிற நாளுக்குப் பூக்க வைப்பதற்காக. உங்கள் வாசலுக்கு எதிரே உள்ள தெரு லைட் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

வழி இரண்டு இருக்கிறது. ஒரு கிளையை வெட்டி லைட் படாத இடத்தில் வையுங்கள். அல்லது செடி சின்னதாக இருந்தால் ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து பின்னேரம் 5 மணிக்கு ஒரு பெரிய கார்ட்போட் பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுங்கள். ஒரு நாளும் தவறக் கூடாது, நுனி நன்றாகச் சிவக்கும்வரை செய்ய வேண்டும். பகலில் நல்ல வெயில் கிடைக்கட்டும். வெட்டும்போது பால் வடியும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரு லைட்டைக் கழற்றச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள், இரவில் ஆட்கள் நடக்கிற வழி அது.

சிவந்தது பூ இல்லை, இலை என்பதும் தெரிந்திருக்கும். உண்மையான பூ நடுவில் மஞ்சளாக, பட்டாணி அளவில் இருப்பது. கடதாசிப் பூவும் அப்படியே. நிறமாகத் தெரிகிற மூன்றும் இலையின் வகை, அதற்கு நடுவில் மெல்லிய குழாய் போல வெள்ளையாக நிற்பதுதான் பூ.

கடதாசிப் பூவின் விஷயம் நிறம் இல்லை, தண்ணீர். பிரேசில் பக்கத்துச் செடி அது. ஈரம் இருக்கும்வரை வளர்வதிலேயே இருக்கும். மண் காய்ந்து கொஞ்சம் நெருக்கடி வந்தால்தான் பூக்கும். இப்போது மழையைப் பாருங்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை மஸ்கெலியா, ஹட்டன், வட்டவளைப் பக்கத்தை விடாமல் நனைக்கிறது. வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பதுளை, பண்டாரவளை, வெலிமடையில் மழை நின்று காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிற மாதங்களும் அவைதான். அம்மா வீட்டில் ஓகஸ்டில் பூப்பதும் உங்களிடம் ஓகஸ்டில் முள் மட்டும் வருவதும் இதனால்தான். உங்கள் கடதாசிப் பூவுக்குக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதை ஓகஸ்டில் பூக்க வைக்கப் பார்க்காதீர்கள். கூரைத் தாழ்வாரத்தின் கீழே, மழை விழாத ஆனால் வெயில் விழுகிற இடத்தில் சாடியில் வைத்து, இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர் விட்டால் கொஞ்சம் ஏமாற்றலாம். யூரியா ஒரு பிடிகூட வேண்டாம்.

மல்லிகையையும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள், கொடி போகிறது, பூ இல்லை என்று. குண்டு மல்லிக்கு வெயிலும் சூடும் வேண்டும். பனியும் மழையும் மூடிக்கிடக்கிற மாதங்களில் அதனிடம் பூ கேட்பது அநியாயம். வீட்டில் ஆக அதிகம் வெயில் விழுகிற சுவரோரம் எது என்று பார்த்து அங்கே மாற்றுங்கள். வீட்டுக்காரருக்குக் கத்தியை எடுக்க ஆசை என்றால் இங்கே எடுக்கலாம். மல்லிகை புதுத் தளிரில் பூப்பது, மழை விட்டதும் வெட்டிவிட்டால் நல்லது.

இப்போது கடுபுல், ராத்திரியில் மட்டும் விரிகிற வெள்ளைப் பூ. இதுவரை ஒரே கிளை வேறு வேறு மாதிரி நடந்ததைப் பேசினோம். இது தலைகீழ். உங்கள் வரிசையில் ஏழு வீட்டிலும் கடுபுல் ஒரே ராத்திரியில் பூத்துவிட்டது, இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று மாமி கேட்கச் சொன்னாராம். கடுபுல்லைப் பற்றிச் சொல்லாத கதை இல்லை. நாகங்கள் அந்த ராத்திரியில் இறங்கி வந்து சிவனொளிபாத மலைக்குப் பூ வைக்கும் என்று சிங்கள மக்கள் சொல்வார்கள். மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் மலையும் எதிரிலேயே நிற்கிறது, நம்பத் தோன்றும். மாமி விளக்கேற்றிக் கும்பிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளி இனம். இலை என்று நாம் ஒடித்துக் கொடுப்பது இலை இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் மொட்டு இலையின் ஓரத்திலிருந்து வருவது போல இருக்கிறது. உங்கள் வரிசையில் முதலில் யார் வீட்டில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து ஒடித்து ஒடித்துக் கொடுத்துத்தான் ஏழு வீட்டுக்கும் போயிருக்கும். ஏழும் ஒரே செடி, மேலே ஒரே வானம், ஒரே குளிர், ஒரே மழை. வேறு ராத்திரியில் பூத்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். நல்ல உயர வித்தியாசம் உள்ள வேறு டிவிஷனில் கேளுங்கள், ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

ஹோர்ட்டன் சமவெளியில் நெலு பூப்பதையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அது வேறு கதை. நெலு நம் குறிஞ்சியின் இனம். சில வகை 12 ஆண்டுக்கு ஒரு முறை மலை முழுவதும் சேர்ந்து பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். அவை கிளையிலிருந்து வந்தவை அல்ல, விதையிலிருந்து வந்தவை. ஒரே பருவத்தில் முளைத்த வயதுக்காரர்கள்.

மணி பிளான்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போத்தலில் வைத்தது உள்ளங்கை இலை, நாவலப்பிட்டியில் சித்தி வீட்டுப் பலா மரத்தில் ஏறினது குடை அளவு இலை, இரண்டும் ஒன்றா என்று கேட்டீர்கள். ஒன்றேதான். தொங்குகிற வரைக்கும் அது சின்ன இலைதான் விடும். நேரே ஏறி மரத்தில் வேர் பிடித்தால்தான் பெரிய இலை வரும், சிலவேளை பிளந்தும் இருக்கும். எவ்வளவு பெரிதானாலும் பூ எதிர்பார்க்காதீர்கள். வளர்ப்பில் அது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவு இருப்பது 1964இல். பூக்கத் தூண்டும் ஜிபரெலின் என்ற ஓமோனைச் செய்யும் ஒரு மரபணு அதில் வேலை செய்வதில்லை என்று 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

கடைசியாக ரோசா. நுவரெலியாவில் வாங்கிய பெரிய சிவப்பு ரோசா இரண்டு வருஷத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது என்கிறீர்கள். இதுவரை எல்லாவற்றுக்கும் "கிளை மாறவில்லை" என்றேன். இங்கே மட்டும் உண்மையிலேயே ஆள் மாறிவிட்டது. விற்கிற ரோசா பெரும்பாலும் ஒட்டுக்கன்று. கீழே வேர் காட்டு ரோசாவுடையது, மேலே ஒட்டியதுதான் நீங்கள் காசு கொடுத்த சிவப்பு. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு தளிர் கிளம்பினால் அது வேரின் சொந்தப் பிள்ளை, வேகமாக வளரும். "நன்றாக வளர்கிறதே" என்று நாமும் விட்டுவைப்போம். அது மேலே உள்ளதை நெருக்கிப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். அடியில் மண்ணை விலக்கி ஒட்டின முடிச்சைத் தேடுங்கள். அதற்கு மேலே இன்னும் ஒரு பச்சைத் தண்டாவது இருந்தால் சிவப்பு பிழைக்கும். கீழேயிருந்து வருவதைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம், வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக வரும். கையுறை போட்டு, வேரோடு ஒட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். முடிச்சுக்கு மேலே எல்லாம் காய்ந்து போயிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு வெள்ளைக் காட்டு ரோசா, அதில் என்ன போட்டாலும் சிவப்பு வராது. படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள் தங்கச்சி, இலையை அல்ல, அடித்தண்டை.